விருந்தாளிக்குச் சூடாக்கிய வீடு

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து மெலானி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள். இனி நகரசபை ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கமாட்டார்களாம். வாடகை வீட்டு நிறுவனங்களே தங்கள் வீடுகளைச் சோதித்து, தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டு, கணினி வழியாக நகரசபைக்கு அனுப்பிவைக்குமாம்.

"முன்பு எப்படிச் செய்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதித் தரமுடியுமா? பிரியாவிடைக் கூட்டத்தில் வாசிக்கவேண்டும்" என்றாள்.

"யாருக்குப் பிரியாவிடை?"

"வெப்பமானிக்கு."

அவளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அந்த அலுவலகத்தில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். கேட்ட அரைப் பக்கத்தை ஜெர்மன் மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுத முடியாதவற்றை நமது சங்க மலருக்குத் தருகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தியாளனாக இருந்தேன். எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் ஆசிரியர் இரண்டு கேள்விகள் கேட்பார்: யார் சொன்னது, நீ பார்த்தாயா? பிறகு ஜெர்மனிக்கு அகதியாக வந்தேன். உணவகங்களில் கோப்பை கழுவினேன், மொழி படித்தேன், என்னைவிட மிக இளையவர்களோடு ஒரே வாங்கில் அமர்ந்து நிர்வாக உதவியாளருக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தேன். பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயில் பிடித்தால் ஒரு குட்டித் தூக்கத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஒரு நகரத்தின் சபை, தன் வீட்டுக் கண்காணிப்புப் பிரிவில் எனக்கு வேலை கொடுத்தது. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம் அது.

கண்காணிப்பு என்ற சொல்லை அந்த நகரம் எப்படிப் புரிந்துகொண்டிருந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான வீடுகளில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த நிறுவனம் நகரசபைக்குச் சொந்தம். அதன் மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் எங்கள் துறையின் தலைவரேதான். திங்கட்கிழமை நகரசபைக் கட்டடத்தில் இருந்து நிறுவனத்தைக் கண்டித்துக் கடிதத்தில் கையெழுத்திடுவார். அதே வாரத்தில் நிறுவனத்தின் கூட்ட மண்டபத்தில் அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு ஆழ்ந்த கவலை தெரிவிப்பார். பதிலையும் அவரே எழுதினார் என்று சொன்னால் அது மிகை. பதில் எழுத நிறுவனம் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை நகரசபை உறுப்பினர்கள் பஸ் ஒன்றில் ஏறிக் குடியிருப்புகளைப் பார்வையிடுவார்கள். எந்தக் கட்டடத்துக்குப் போவார்கள் என்பது நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படும். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. நான் சேர்ந்த ஆண்டு அந்தப் பார்வையில் நானும் போனேன். படிக்கட்டுச் சுவர்கள் பளபளவென்று இருந்தன. உறுப்பினர்கள் பாராட்டினார்கள். திரும்பி வரும்போது சமூகநலக் குழுத் தலைவியின் கறுப்பு மேலங்கியின் முழங்கையில் வெள்ளை வண்ணம் அப்பியிருந்தது. பஸ்ஸில் எல்லோரும் அதைக் கண்டார்கள். கட்டடங்களின் நிலை திருப்திகரம் என்று அறிக்கை வந்தது. அதை எழுதியவன் நான். ஈர வண்ணத்தைப் பற்றி நான் எழுதிய வரியைத் துறைத் தலைவர் வெட்டினார். அந்தப் பேனா வெட்டும் ஓசை எனக்குப் பழக்கமானது. ஊரில் தணிக்கை அதிகாரியின் பேனாவும் அப்படித்தான் ஒலித்தது.

நிறுவனத்தின் செயல்திறனை அளக்கவும் ஒரு முறை இருந்தது. குடியிருப்பவர் முறைப்பாடு அனுப்பினால், அதற்குப் பதில் போனதா என்று பார்ப்போம். போயிருந்தால் பச்சைப் புள்ளி. பதிலில் என்ன இருந்தது என்று கேட்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. நிறுவனத்தின் பக்கம் வயல் போலப் பச்சையாக இருக்கும்.

இந்தப் பச்சைக்குள் ஒரே ஒரு மனிதர் மட்டும் உண்மையில் எதையாவது அளந்துகொண்டிருந்தார். அவர் என் மேலதிகாரி கோல்பே.

கோல்பே உயரமானவர், மெலிந்தவர், பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்ப்பவர். வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று, "நான் உள்ளே வர உங்கள் அனுமதி உண்டா?" என்று கேட்பார். கதவை அகலத் திறந்து வைத்து வாருங்கள் வாருங்கள் என்று அழைத்தாலும் கேட்பார். அனுமதி என்ற சொல் காதில் விழும்வரை கால் எடுத்து வைக்கமாட்டார். யார் வீட்டிலும் உட்காரமாட்டார். கையில் புகைப்படக்காரர்கள் வைத்திருப்பது போன்ற முக்காலி ஒன்று. அதை அறையின் நடுவில் விரித்து, மேலே வெப்பமானியைப் பொருத்துவார். நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரம். அதற்கென்று நாடா ஒன்று சட்டைப் பையில். பிறகு அறையில் இருப்பவர்களை எண்ணுவார்.

"மனிதர்கள் வெப்ப மூலங்கள், ஹெர் நாதன்" என்று முதல் நாளே எனக்குச் சொன்னார். "தேவைக்கு அதிகமானவர்களை வெளியே அனுப்பிவிடவேண்டும். மிஞ்சியவர்கள் குறைவாகப் பேசவேண்டும்."

அறையின் காற்றை அளப்பது எங்கள் பிரிவின் வேலை. சுவரோரம் பொருத்தியிருக்கும் ஹைசுங், அதாவது அந்த இரும்புச் சூடாக்கி, கட்டடப் பிரிவின் எல்லைக்குள் அடங்கும். அதைத் தொட்டுப் பார்த்தால் அது 'தொழில்நுட்பப் பரிசோதனை' ஆகிவிடும். அதற்கு வேறு அலுவலகம், வேறு மாடி, வேறு அன்ட்ராக் படிவம். ஆகவே கோல்பே ஹைசுங் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். நகைக்கடைக்குள் போன கஞ்சன் போல இருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்து நான் சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டதே என் அசல் பயிற்சி.

இனி வதனியின் விடயம்.

சிவநேசன் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுபவன். மனைவி வதனி. நிறுவனத்தின் கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். அவர்களுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்து, மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. இப்போது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற கட்டம். ஆனால் வீட்டில் ஹைசுங் சூடாகவில்லை. நிறுவனத்துக்கு எழுதினார்கள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. பச்சைப் புள்ளி. மறுபடி எழுதினார்கள். மறுபடியும் நன்றி, மறுபடியும் பச்சை. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் திட்டமாகச் சொல்லிவிட்டார்: குழந்தை உறங்கும் அறை போதிய சூடாக இருக்கிறது என்று நகரசபை அத்தாட்சி தந்தால்தான் பிள்ளையை விடுவோம்.

சிவநேசன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, என் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, மேசையில் இரண்டு கையையும் ஊன்றினான்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஓம் தம்பி. இருங்கோ."

"இருக்க நேரமில்லை அண்ணை, ஷிஃப்ட் இருக்கு. எப்பிடியாவது ஒரு டெர்மின் போட்டுத் தாங்கோ. வந்து ஒருக்கா அளந்து பாத்தீங்களெண்டா உங்களுக்கே விளங்கும். வீட்டுக்குள்ளை நாங்கள் ஜக்கெற்றோடை திரியிறம்."

டெர்மின், அதாவது வருகை நாள், குறித்தேன். விதிப்படி குடும்பத்துக்கு ஒரு கடிதம், நிறுவனத்துக்கு ஒரு கடிதம்.

அந்த நாள் நல்ல உறைபனி. நானும் கோல்பேயும் நிறுவனத்தின் பிரதிநிதி ரைன்கே அம்மையாரும் மூன்றாம் மாடிக்கு ஏறினோம். மணியை அழுத்தினோம். உள்ளே யாரோ ஓடும் சத்தம். பிறகு கதவு திறந்தது.

கோல்பேயின் மூக்குக் கண்ணாடி அந்தக் கணமே ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. ரைன்கே அம்மையாரின் முகம் மலர்ந்தது.

வீட்டுக்குள் சித்திரை மாதம். வதனி பட்டுச்சேலையில் நின்றாள். சிவநேசன் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தான். தரை மினுங்கியது. மேசையில் உளுந்து வடை, பற்றீஸ், ரோல்ஸ், கேக். வதனியின் அக்கா ஒருவர் தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில். கோல்பே கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அனுமதி கேட்டு, முக்காலியை விரித்து, ஆட்களை எண்ணி, அக்காவைப் பால்கனிக்கு அனுப்பினார். அக்கா தட்டோடேயே பால்கனிக்குப் போய் நின்றார்.

"சாப்பிடச் சொல்லுங்கோ அண்ணை" என்றாள் வதனி.

"அன்பளிப்பு ஏற்க எங்களுக்கு அனுமதி இல்லை" என்றார் கோல்பே. ரைன்கே அம்மையாருக்கு அந்தத் தடை இல்லை. ரோல்ஸ் அருமை என்றார்.

"இங்கே வேறு வெப்ப மூலம் ஏதும் இயங்கிக்கொண்டிருக்கிறதா?" கோல்பே கேட்டார்.

"இல்லை" என்றான் சிவநேசன். அந்தக் கணத்தில் அது சத்தியமான பதில்.

வெப்பமானி இருபத்துமூன்று காட்டியது. கோல்பே அதைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். கைகளை முதுகில் கட்டிக்கொண்டு ஹைசுங்குக்கு எதிரில் போய் நின்றார். ரைன்கே அம்மையார் அதற்கு முன்னால் நின்று வடையைக் கடித்துக்கொண்டிருந்தார். கோல்பே எண்ணைக் குறித்துக்கொண்டார். வந்த வேலை முடிந்தது.

படி இறங்கும்போது முதலாவது திருப்பத்தில் நான்கு தமிழ் ஆண்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். கோல்பே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர்களில் ஒருவரைக் கோயிலில் கண்ட நினைவு எனக்கு. அவர் என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, முடிஞ்சுதோ? அப்ப ஹீட்டரை எடுக்கலாமோ?"

"என்ன ஹீட்டர்?"

"என்ரை ஹீட்டர்தான். காலமை இரவல் குடுத்தது. வீட்டிலை மனிசி குளிருது எண்டு ஃபோனிலை கத்துறாள்."

நான் மறுபடி மாடி ஏறினேன். குளியலறைக் கதவைத் திறந்தேன். குளியல் தொட்டிக்குள் ஐந்து மின்சூடாக்கிகள் வரிசையாக நின்றன. இன்னும் ஆறவில்லை, டிக் டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தன. சமையலறையில் வெதுப்படுப்பின் கதவு வாய் திறந்திருந்தது.

"இதென்ன தம்பி வேலை?"

சிவநேசன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "என்ன அண்ணை, பெரிய ஆக்கள் வீட்டுக்கு வரேக்கை குளிருக்கையே இருத்தி வைக்கிறது?"

"குளிருது எண்டு காட்டத்தானே அவையளைக் கூப்பிட்டது!"

"அது சரி. அதுக்காக?" வதனி குறுக்கிட்டாள். "நாங்கள் டொக்டரிட்டைப் போகேக்கை முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டுதானே போறம். அதாலை டொக்டருக்குக் காய்ச்சல் தெரியாமல் போகுதே? அந்த மனிசன் பெரிய நிபுணர் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். பாத்த உடனை பிடிப்பார் எண்டு நினைச்சம்."

"அவர் காத்தைத்தான் பாக்கலாம், தங்கச்சி."

"அதை முதல்லையே சொல்லியிருக்கலாமே. அக்காவை வேறை பால்கனியிலை விறைக்க வைச்சாச்சு."

"அப்ப இந்த ஹீட்டருகளையே வைச்சிருக்கேலாதோ?" என்று நான் கேட்டேன்.

"மூண்டு போட்டாலே பியூஸ் போகுது அண்ணை" என்றான் சிவநேசன். "இண்டைக்குப் பக்கத்து வீட்டிலையிருந்து வயர் இழுத்தது. துருக்கிக்காரன், நல்ல மனிசன். இரவிரவாப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பக்கத்திலை கிடத்தேலுமே?"

எங்கள் அத்தாட்சியின் பிரதி மருத்துவமனைக்கும் போனது. அதுதான் நடைமுறை, எங்கள் அலுவலகத்தில் சரியாகவும் விரைவாகவும் நடந்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். சமூகப் பணியாளர் மகிழ்ச்சியோடு வதனிக்குத் தொலைபேசி எடுத்தார். அறை இருபத்துமூன்று பாகை, வந்து பிள்ளையைக் கூட்டிப்போங்கள்.

மறுநாள் கணவனும் மனைவியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். வழியிலேயே சண்டை தொடங்கியிருக்கவேண்டும்.

"கூட்டிக்கொண்டு வருவம் எண்டுறன்" என்றான் சிவநேசன் என்னிடம். "பிள்ளை அங்கை, நாங்கள் இங்கை. இவள் ஒவ்வொரு நாளும் அழுறாள். வந்தாப் பிறகு ஏதாவது பாப்பம். போர்த்திப் போர்த்தி வளக்கேலாதே?"

"எதாலை போர்த்துறது?" வதனி எங்கள் அத்தாட்சியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் போட்டாள். "இந்தக் கடுதாசியாலையோ? இது மட்டும்தான் இப்ப எங்கடை வீட்டிலை இருபத்துமூண்டு."

அவள் குரல் உயர்ந்ததும் கோல்பே தன் அறையிலிருந்து வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். குளியல் தொட்டி, இரவல், பக்கத்து வீட்டு மின்சாரம், எல்லாம். அவர் வதனியின் மேலங்கிப் பொத்தானைப் பார்த்தபடி கேட்டார்.

"எங்களை ஏமாற்றினார்களா?"

"ஓம் என்று சொல்லலாம்."

"தங்களுக்கே பாதகமாகவா?"

"விருந்தினரைக் குளிரில் நிற்கவைக்கக் கூடாது என்பதற்காக."

தனக்கு நன்மை தேடி ஏமாற்றுபவர்களுக்கு எங்கள் விதிகளில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. இதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒரு குளிர்காலத்தில் ஒரு வீட்டை ஒருமுறைதான் அளக்கலாம். முதல் அளவீடு செல்லாது என்று காட்டினால் மட்டுமே மறுமுறை.

"சூடாக்கிகளை யார் கண்டது?" என்று கேட்டார்.

"நான்."

"உங்கள் கண்ணால்?"

"என் கண்ணால். ஒன்றில் கை வைத்தும் பார்த்தேன்."

"கை வைத்தீர்களா?" அவர் குரலில் கண்டனம் இருந்ததா, பொறாமை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மாலை அவர் ஒரு குறிப்பு எழுதினார். முதல் அளவீடு செல்லாது. காரணம், அளந்த அதிகாரி குளியலறையைப் பார்க்கத் தவறியமை. அளந்த அதிகாரியின் பெயர் கோல்பே. குடும்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. துறைத் தலைவர் அவரை மேலே அழைத்தார். ஆண்டறிக்கை அச்சுக்குப் போகும் நேரம் என்றாராம். நிறுவனத்தின் பக்கம் இவ்வளவு பச்சையாக இருக்கும்போது எதற்கு இது என்றாராம். கோல்பே திரும்பி வந்ததும் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அவர் மேற்பார்வைக் குழுத் தலைவராகப் பேசுகிறாரா, துறைத் தலைவராகப் பேசுகிறாரா என்று கேட்டேன். குறிப்பில் எழுதவேண்டும் அல்லவா" என்றார். "யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டாவது டெர்மினுக்குக் கடிதங்களை அனுப்புங்கள்."

அந்த இரண்டாவது டெர்மினுக்கு முந்திய மாலை நான் அந்த வீட்டுக்குப் போனேன். என் உத்தியோக வாழ்க்கையில் மிகக் கடினமான பேச்சுவார்த்தை அதுதான். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்திக்கு விருந்தினரை எப்படி மோசமாக வரவேற்பது என்று கற்பிக்கவேண்டும்.

"ஹீட்டர் இல்லை, அடுப்பு இல்லை" என்றேன். "அக்கா வரக்கூடாது. சேலை வேண்டாம். வீட்டிலை வழக்கமா எப்பிடி நிக்கிறியளோ அப்பிடி நில்லுங்கோ."

"வழக்கமா இவற்றை ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியும்தான்" என்றாள் வதனி. "தொப்பியோடை எப்பிடி அண்ணை அவையளுக்கு முன்னாலை நிக்கிறது? நாளைக்கு அந்த ரைன்கே போய் தமிழ் ஆக்கள் வீட்டிலை பேய் மாதிரித் திரியினம் எண்டு சொல்லுமே."

"சொல்லட்டும்."

"உங்களுக்கென்ன, சொல்லட்டும் எண்டுவியள். ஒரு வடையாவது?"

"எண்ணெய்ச் சட்டி அடுப்பிலை ஏறக்கூடாது."

"தேத்தண்ணி?"

"கேத்திலிலை ஆவி வரும்."

அவள் கண் கலங்கிவிட்டது. பிள்ளையைப் பிரிந்த துயரம் ஒரு பக்கம், தேநீர் கொடுக்காத வெட்கம் மறு பக்கம். கடைசியில், அளந்து முடித்து எண்ணை எழுதிய பிறகு தேநீர் என்று உடன்பாடு கண்டோம். சிவநேசன் அதற்குச் சாட்சி.

நிறுவனமோ முதல் அளவீட்டை அவ்வளவு உறுதியாக நம்பிவிட்டது. கொதிகலன் பக்கம் ஒருவரையும் முன்கூட்டி அனுப்பவில்லை.

இரண்டாம் முறை கதவு திறந்தபோது கோல்பேயின் கண்ணாடி தெளிவாகவே இருந்தது. வதனி கணவனின் மேலங்கிக்குள் காணாமல் போயிருந்தாள். தொப்பி புருவம்வரை. வரவேற்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னதைவிட அதிகமாகவே செய்தாள். ரைன்கே அம்மையார் கையுறையைக் கழற்றவில்லை. கோல்பே அனுமதி கேட்டார், முக்காலியை விரித்தார், இந்தமுறை குளியலறையையும் பார்த்தார், குளியல் தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தார். பிறகு காத்திருந்தோம். குளிர் காலணிக்குள்ளால் ஏறியது. கோல்பேயின் மூக்கு சிவந்து, நுனியில் ஒரு துளி திரண்டது.

வதனி அதைப் பார்த்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்து மறுத்தேன். அவள் உள்ளே போய், தடித்த கம்பளிப் போர்வை ஒன்றைக் கொண்டு வந்து கோல்பேயின் தோளில் போட்டாள்.

"அளக்கப்படுவது நான் அல்ல" என்றார் கோல்பே திடுக்கிட்டு.

"என்னவாம்?"

"வேண்டாமாம்."

"வேண்டாமெண்டா நடுங்காமல் நிக்கச் சொல்லுங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். கோல்பே யோசித்தார். "போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை" என்று தனக்குத்தானே சொன்னார். "இருப்பதைத் தடுத்துவைக்கிறது, அவ்வளவே. விதிக்கு மாறானதல்ல." போர்வையை இழுத்து நெஞ்சோடு மூடிக்கொண்டார். வதனி மற்றொரு போர்வையை ரைன்கே அம்மையாரிடம் நீட்டினாள். அவர் முதலில் மறுத்தார். சற்று நேரத்தில், சாளரத்துக்கு வெளியே பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டு கையை நீட்டி வாங்கினார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இருமுறை எழுதி அனுப்பிய நிறுவனத்தின் பிரதிநிதி, குடியிருப்பவரின் போர்வைக்குள் நின்றார். என்னிடம் புகைப்படக் கருவி இல்லாததை நினைத்து நான் வருந்திய நாள் அது.

பதினான்கு பாகை. கோல்பே எழுதினார். ரைன்கே அம்மையாரிடம் காட்டினார். அவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துக் கையெழுத்திட்டார்.

பிறகு கோல்பே முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கையை எடுத்தார். ஹைசுங் மேல் உள்ளங்கையைப் பதித்து அப்படியே வைத்திருந்தார்.

"இது அதிகாரபூர்வமான கண்டறிதல் அல்ல" என்றார். "ஆனால் ரைன்கே அம்மையாரே, இதன் மேல் மீன் வைத்தால் கெடாது."

தேநீர் வந்தது. அதன் பெறுமதி அன்பளிப்பின் எல்லைக்குள் அடங்கும் என்று தீர்மானித்து, நின்றபடியே குடித்தார்.

பழுது பார்க்க வந்த குழாய்க்காரர் நிலவறைக்குப் போய்ப் பார்த்தார். முன்பொருமுறை கீழ்த் தளத்தில் ஏதோ திருத்தவென்று அந்த வீட்டுக்கு மேலேறும் குழாயின் வால்வைப் பூட்டியிருந்தார்கள். மறுபடி திறக்க மறந்துவிட்டார்கள். அவர் அதைத் திருகித் திறந்துவிட்டுக் கைகழுவினார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தட்டச்சு செய்வதற்கு இதைவிட அதிக நேரம் பிடித்திருக்கும். நிறுவனத்தின் ஆண்டறிக்கை அதை 'வெப்ப வழங்கலின் மேம்பாடு' என்றது. செயல்திறன் அட்டவணையில் வதனியின் முதல் முறைப்பாடு ஆதாரமற்றது என்று பச்சை. இரண்டாவது உரிய காலத்தில் தீர்க்கப்பட்டது என்று பச்சை. ஒரே வீட்டின் குளிரிலிருந்து இரண்டு பச்சைப் புள்ளி எடுத்தார்கள். நகரசபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பழுது நீக்கிய பின் அளந்து பார்க்க விதியில் இடம் இருந்தது. கோல்பே மூன்றாவது முறை போய் இருபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தார். மருத்துவமனைக்கு அது போதும். வதனிக்குப் போதவில்லை. "அவர் அளந்தது இருக்கட்டும்" என்று சொல்லி, மேலங்கியையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய சட்டையோடு குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள்தான் பிள்ளையைக் கொண்டு வந்தார்கள்.

சில நாட்கள் கழித்துப் பார்க்கப் போனேன். சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வதனி கதவைத் திறந்தாள். பெரிய புகைப்படக் கருவிப் பெட்டியோடு ஒரு இளைஞன், பக்கத்தில் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண். ஆண்டறிக்கையின் அட்டைக்கு, மனநிறைவோடு வாழும் குடும்பம் ஒன்று வேண்டுமாம். குழந்தையோடு. முடிந்தால் அம்மாவின் நாட்டு உடையோடு.

"என்ன கேக்கினம் அண்ணை?"

சொன்னேன்.

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். வீடு துப்புரவாக இருந்தது. பலகாரப் பெட்டி மேசையிலேயே இருந்தது. குழந்தை கைகளை இரண்டு பக்கமும் எறிந்துவிட்டு, ஒரு மெல்லிய பருத்திச் சட்டையோடு உறங்கிக்கொண்டிருந்தது. திறந்த கதவால் படிக்கட்டின் குளிர்காற்று உள்ளே வந்தது.

"ஒரு நிமிடம் போதும் என்று சொல்லுங்கள்" என்றாள் அந்தப் பெண் என்னிடம்.

"ஒரு நிமிசமும் ஏலாது எண்டு சொல்லுங்கோ" என்றாள் வதனி. "பிள்ளை நித்திரை. கதவு திறந்திருந்தா சூடு போயிடும்."

நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் அவள் கதவைச் சாத்திவிட்டாள்.